ரேடாரா, காந்தமானியா, மண்ணின் மின்தடையா: தோண்டும் முன் எதை நம்பலாம்?

கீழடியில் 2019-இல் ஐந்தாம் கட்ட அகழாய்வுக்கு முன்பு காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானி, மண்ணுக்குள் ரேடியோ அலையை அனுப்பி அது திரும்பி வருவதைப் பிடிக்கும் தரை ஊடுருவும் ரேடார் இரண்டையும் கொண்டு ஆய்வு செய்தார்கள். அப்போதிருந்தே "ரேடார் விட்டால் அடியில் இருப்பது அப்படியே தெரிந்துவிடுமே" என்ற பேச்சு ஓடுகிறது. அப்படியெல்லாம் தெரியாது. எந்த மண், எதைத் தேடுகிறோம் என்பதைப் பார்த்துத்தான் கருவியை எடுக்க வேண்டும்.

பரந்த வயல்வெளி என்றால் என் ஓட்டு காந்தமானிக்கு. பூமியின் காந்தப்புலம் நம் பக்கம் சுமார் 40,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). மண்மூடிய பழைய குப்பைக்குழி அதில் சில நானோடெஸ்லா மாற்றத்தைத்தான் காட்டும். சூளையோ உலையோ என்றால் பளிச்சென்று தெரியும்: களிமண்ணில் உள்ள இரும்பு ஆக்சைடு நன்றாகச் சூடேறி ஆறும்போது, அன்றைய காந்தப்புலத்தின் திசையைத் தன்னுள் பதித்துக்கொள்கிறது. 1958-இல் இங்கிலாந்தின் வாட்டர் நியூட்டனில், சாலை போடும் முன் மார்ட்டின் எய்ட்கன் ரோமானியர் காலச் சூளையை இப்படித்தான் பிடித்தார். நைல் கழிமுகத்தில் கந்திர் வயல்களுக்கு அடியில் இருக்கும் எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்செஸின் தலைநகரத்துச் சுடாத செங்கல் சுவர்களும் காந்த வரைபடத்தில் தெரு தெருவாகத் தெரிந்தன.

வேகமும் அதிகம், கருவியோடு நடந்துகொண்டே போகலாம். ஆனால் நடப்பவர் இடுப்பில் பெல்ட் பக்கிள்கூட இருக்கக் கூடாது. கம்பிவேலி, மின்கம்பம், பம்புசெட் பக்கத்தில் இருந்தால் அளவு கெட்டுப்போகும். தக்காணத்து எரிமலைப் பாறை நிலத்தில் பாறையே காந்தமாக இருப்பதால் திணறும். ஆழத்தையும் நேரடியாகச் சொல்லாது.

ஆழம் வேண்டுமென்றால் ரேடார்தான். இத்தாலியின் ஃபலேரி நோவி என்ற ரோமானிய நகரை, ஒரு குழிகூட வெட்டாமல், மதிலுக்குள் 30.5 ஹெக்டேர் முழுவதும் வரைந்துவிட்டார்கள்; 2020-இல் வெளியான அந்த வரைபடத்தில் குளியல் மாளிகை, சந்தை, தண்ணீர்க் குழாய் வரை தெரிகின்றன. அதே ரேடார் ஈரக் களிமண்ணில் ஏறக்குறைய குருடு. அலையை மண்ணே உறிஞ்சிக்கொள்ளும். காவிரிப் படுகையில் நடவு முடிந்த வயலில் அதை இழுப்பது வீண்வேலை.

தெரிந்ததையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகில் டரிங்டன் வால்ஸில் 90 கற்கள் வரை புதைந்திருக்கலாம் என்று 2015-இல் ரேடார் தடயத்தை வைத்து அறிவித்தார்கள். மறு ஆண்டு தோண்டினால் கல்லே இல்லை. மரத்தூண் நட்டுப் பிடுங்கிய குழிகளைச் சுண்ணப்பாறைத் துண்டுகளால் நிரப்பியிருந்தார்கள். மண்ணில் ஏதோ மாற்றம் இருக்கிறது என்று கருவி சொன்னது சரி. அதைக் கல் என்று படித்தவர்கள் மனிதர்கள்.

மண்ணில் மின்சாரத்தைச் செலுத்தி, அது பாய எவ்வளவு தடை இருக்கிறது என்று அளக்கும் மின்தடை முறை மூன்றிலும் பழசு. 1946-இல் தொல்லியலாளர் ரிச்சர்ட் அட்கின்சன் இங்கிலாந்தில் தேம்ஸ் கரை டார்செஸ்டரில் தொடங்கிவைத்தார். கம்பியை ஊன்றி ஊன்றி நகர வேண்டும், பொறுமை வேண்டும். ஆனால் செலவு குறைவு, கல்சுவரும் அகழியும் நன்றாகத் தெரியும். மண்ணில் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் மின்சாரம் பாயும்.

அதனால் நம் ஊரில் காலண்டரையும் பார்க்க வேண்டும். மழை ஓய்ந்த தை, மாசியில் மின்தடை முறை. மண் காய்ந்த சித்திரையில் ரேடார். அதற்கு முன்பே நிலம் முழுவதையும் காந்தமானியால் அளந்துவிட்டு, ஐயம் எழுந்த இடத்தில் மட்டும் மற்ற இரண்டில் ஒன்றை இறக்கி, அப்புறம் சின்னதாக ஒரு சோதனைக் குழி போடலாம். ஊருக்குள்ளோ கோயில் வளாகத்திலோ என்றால் இந்த வரிசை செல்லாது. சுற்றிலும் கம்பியும் இரும்பும் இருக்கும் இடத்தில் ரேடாரில் தொடங்குவதே சரி.