அடகுப் பதிவேட்டுக்கு எது பொருந்தும்: பெல்–லாபடுலாவா, பிபாவா, கிளார்க்–வில்சனா?

பெரும்போக வெள்ளாமை வெட்டி, நெல் விற்ற காசோடு ஒரு அம்மா அடகு மீட்க வந்தார். கையிலிருந்த சீட்டில் ஒரு சோடி காப்பு, 24 கிராம். கணினியிலோ 21. மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரை சிறிய கடன் சங்கங்களுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுவது என் வேலை. அந்தச் சங்கத்தின் வன்தட்டை ஏஇஎஸ்-256 என்ற முறை கொண்டு, சாவி இல்லாமல் வாசிக்க முடியாதபடி மறைகுறியாக்கம் செய்திருந்தேன். ஆனால் கவுண்டரில் மூன்று பேருக்கும் ஒரே பாஸ்வேர்ட். காப்பு லொக்கரில் அப்படியே இருந்தது, நிறுத்துக் காட்டிக் கொடுத்தோம். நிறையை மாற்றியது யார் என்றுதான் கடைசிவரை தெரியவில்லை.

வன்தட்டு மறைகுறியாக்கம் கணினி களவு போனால் காப்பாற்றும். பாஸ்வேர்ட் தெரிந்து உள்ளே வந்தவரை அது ஒன்றும் செய்யாது. அப்போதுதான், யார் எதை வாசிக்கலாம், எதில் எழுதலாம் என்று விதிக்கும் பாதுகாப்பு மாதிரிகள் மூன்றை ஒழுங்காக வைத்துப் பார்த்தேன்.

பெல்–லாபடுலா 1970களில் அமெரிக்க இராணுவத் தேவைக்காக உருவானது. கவலையெல்லாம் இரகசியம் பற்றியது: கீழ்மட்டத்தில் இருப்பவர் மேல்மட்டத்தை வாசிக்கக் கூடாது, மேலே இருப்பவர் கீழே எழுதக் கூடாது. கீழிருந்து மேலே எழுத மட்டும் தடையில்லை. அடகுக் கணக்குக்கு இது தலைகீழ். கவுண்டரில் இருப்பவர் தன்னால் பார்க்கவே முடியாத முகாமையாளர் பதிவில் எழுதிவிடலாம்.

பிபா அதைத் திருப்பிப் போடுகிறது. நம்பகம் குறைந்தவர் நம்பகம் கூடிய தரவில் எழுதக் கூடாது, கூடியவர் குறைந்ததை வாசிக்கக் கூடாது. கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் நகையின் நிறையும் மாற்றும் (தங்கத்தின் தரம்) கவுண்டரிலிருந்துதான் வருகின்றன. அதை வாசிக்கவே கூடாது என்றால் பதிவேடு எப்படி நிரம்பும்?

1987இல் வந்த கிளார்க்–வில்சன் வணிகக் கணக்கை மனதில் வைத்தே எழுதப்பட்டது. யாரும் தரவை நேரே தொட முடியாது. சரிபார்த்த செயல்முறை ஊடாகத்தான் மாற்றலாம். நிறுப்பவர் ஒருவர், அனுமதிப்பவர் வேறொருவர். இடைக்கிடை ஒரு சோதனையும் உண்டு: பதிவேட்டின் மொத்த நிறையும் லொக்கரில் உள்ள நகையின் நிறையும் ஒன்றா? நம் பழைய கணக்குப்பிள்ளைமார் மாத முடிவில் செய்ததும் இதைத்தான். என் தெரிவு இதுவே.

அனுமதியை ஆளுக்குக் கொடுக்காமல் பதவிக்குக் கொடுத்தேன். கோப்பை வைத்திருப்பவரே விரும்பியவருக்குத் திறந்துவிடும் முறையில், வேலையை விட்டுப் போனவரிடமும் அனுமதி தங்கிவிடும்.

சரி, குறியாக்கவியலில் எதை எடுப்பது? ஏஇஎஸ்ஸை, தரவை மறைக்க மட்டும் செய்யும் சிடிஆர் முறையில் பயன்படுத்தினால், சாவி இல்லாதவரும் மறைகுறியில் ஒரு பிட்டைப் புரட்டி உள்ளே இருக்கும் தொகையை மாற்றலாம். மறைப்பதோடு மாற்றத்தையும் சோதிக்கும் ஜிசிஎம் முறை அதைப் பிடித்துவிடும். சாவி கொண்டு கணித்த ஒரு முத்திரையைப் பதிவோடு சேர்க்கும் எச்மாக்கும் மாற்றத்தைக் காட்டும். ஆனால் அதன் சாவி எல்லோருக்கும் பொது, மூன்று பேரில் யார் என்று சொல்லாது. டிஜிட்டல் கையொப்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி. கொஞ்சம் வேலை கூடத்தான், ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு நான் வேறொன்றை யோசிக்கவில்லை.

இப்போது ஒவ்வொரு பதிவும் முந்தியதன் ஷா-256 ஹாஷை, அதாவது அந்தப் பதிவிலிருந்து கணித்த கைரேகை போன்ற குறியை, சுமந்து நிற்கிறது. மாலையில் கடைசிப் பதிவின் ஹாஷில் உள்ள 64 எழுத்துகளை அச்சிட்டு, காசாளரும் முகாமையாளரும் ஒப்பமிட்டுக் கோப்பில் போடுகிறார்கள். பழைய வரி ஒன்றில் 24ஐ 21 ஆக்கினால், திரும்பக் கணக்குப் பார்க்கும்போது அந்தத் தாளோடு ஒத்துவராது.