வார்ஹாமர் 40,000-ஆ, கிரிம்டார்க் ஃபியூச்சரா?

மினியேச்சர் போர் விளையாட்டில், அதாவது மேசைமேல் சிறு பொம்மைப் படைகளை மோதவிடும் ஆட்டத்தில், இறங்க நினைப்பவர்கள் முதலில் முட்டி நிற்கும் கேள்வி இது.

விதிகள்
வார்ஹாமர்: 2023-ல் வந்த பத்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் இலவச பிடிஎஃப். ஆனால் நம் படைக்கான விதிப்புத்தகமான கோடெக்ஸுக்குக் காசு. அந்தப் பதிப்பு வந்ததும் பழைய கோடெக்ஸ்கள் மொத்தமும் செல்லாக்காசு!
கிரிம்டார்க்: ஒன் பேஜ் ரூல்ஸ் நிறுவனம் தரும் அடிப்படை விதிகளும் படைப்பட்டியல்களும் இலவசம். கூடுதல் விதிகளுக்குத்தான் பணம்.

பொம்மைகள்
செலவின் பெரும்பங்கு இங்கேதான். விதி இலவசம் என்பதில் மயங்கிவிட வேண்டாம்.
வார்ஹாமர்: இதைத் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் கடைகளில் ஆட அவர்கள் மாடல்தான் வேண்டும்.
கிரிம்டார்க்: எந்த நிறுவனத்தின் மாடலும் ஆகும், 3டி பிரிண்டரில் எடுத்ததும் ஆகும்.

ஆட்டம்
வார்ஹாமர்: குண்டு பட்டதா, காயமா, கவசம் காத்ததா என்று மூன்று முறை பகடை. எதிராளி படை முழுவதையும் நகர்த்தும்வரை நாம் பெரும்பாலும் காத்திருக்க வேண்டும்.
கிரிம்டார்க்: இரண்டே உருட்டல், ஆளுக்கு ஒரு அணியாக மாறி மாறி நகர்த்தலாம்.

போட்டிகளும் புதிய எதிராளிகளும் வேண்டுமென்றால் வார்ஹாமர். வீட்டில் நண்பரோடு ஒரு மாலை ஆட, என் ஓட்டு கிரிம்டார்க்குக்கே. ஏற்கெனவே வார்ஹாமர் பொம்மைகள் இருந்தால் அவற்றையே இதிலும் இறக்கலாம்.