ஆதரவு முடிந்த ஐபிஎம் ஐ 7.1இல் இணையச் செயலிகள்: ஒரு மதிப்பீடு

ஐபிஎம் நிறுவனம் 1988இல் ஏஎஸ்/400 என்று அறிமுகப்படுத்திய நடுத்தர சர்வரின் இயங்குதளம், பலமுறை பெயர் மாறி, இன்று ஐபிஎம் ஐ என்று வழங்குகிறது. அதன் 7.1 பதிப்பு 2010 ஏப்ரலில் வந்தது. அதற்கான வழக்கமான ஆதரவு, அதாவது ஐபிஎம் தரும் திருத்தங்களும் உதவியும், 2018 ஏப்ரல் 30ஆம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகும் பல கிடங்குகளிலும் கணக்குப் பிரிவுகளிலும் அது ஓடிக்கொண்டிருப்பதற்கு வன்பொருளும் ஒரு முக்கியக் காரணம். ஐபிஎம்மின் பழைய பவர்5 சிப் கொண்ட இயந்திரங்களில் 7.1க்கு மேல் ஏற முடியாது, 7.2க்குக் குறைந்தது பவர்6 வேண்டும். எனவே பதிப்பை உயர்த்துவது என்றால் பவர்5 வைத்திருப்பவர்களுக்கு இயந்திரத்தையே மாற்றுவதுதான்.

இணையச் செயலிகளை ஓட்டும் தளமாக இதன் உட்புற அமைப்பு இன்றும் என்னைக் கவர்கிறது. டிபி2 தரவுத்தளம் இயங்குதளத்தோடு பிணைந்தே இருக்கிறது. அப்பாச்சி என்ற திறமூல மென்பொருளை அடிப்படையாகக் கொண்ட, வலைப்பக்கங்களை வழங்கும் எச்டிடிபி சர்வரை 2001ஆம் போர்ட்டில் பிரவுசர் வழியாகவே அமைத்துக்கொள்ளலாம். கிடங்கு ஊழியர் ஒரு படிவத்தில் சரக்கு எண்ணைத் தட்டித் தேடினால், அந்தக் கோரிக்கை சிஜிஐ (வலை சர்வர் நிரல்களை அழைக்கும் முறை) வழியாக, ஐபிஎம்மின் வணிக நிரல்மொழியான ஆர்பிஜியில் எழுதிய ஒரு நிரலுக்குப் போகிறது. அது சரக்கு மாஸ்டர் கோப்பில் அந்த எண்ணுக்குரிய பதிவை நேராக எடுத்து, எச்டிஎம்எல் பக்கமாக எழுதித் திருப்பி அனுப்புகிறது. இடையில் வேறொரு தரவுத்தள சர்வரோ டிரைவரோ கிடையாது. பச்சைத் திரை எனப்படும் பழைய எழுத்துத் திரையில் பல ஆண்டுகளாகச் சோதிக்கப்பட்ட அதே கணக்கு விதிகளை இணையப் பக்கமும் பயன்படுத்திக்கொள்கிறது. எந்த வேலை எவ்வளவு சிபியு எடுக்கிறது என்பதையும் ஒரே கட்டளையில் பார்த்துவிடலாம். வேகத்திலும் உறுதியிலும் குறை சொல்ல இடமில்லை.

குறை முழுவதும் மறையாக்கத்தில் இருக்கிறது. இணைய இணைப்பை மறையாக்கும் நெறிமுறையான டிஎல்எஸ்ஸின் 1.2 பதிப்பு 7.1இல் இயல்பாகச் செயல்படாது. ஆறாவது டெக்னாலஜி ரெஃப்ரெஷை (இடைக்கால மேம்பாட்டுத் தொகுப்பை) போட்டு, க்யூஎஸ்எஸ்எல்பிசிஎல் என்ற சிஸ்டம் வேல்யூவையும் (இயங்குதள அமைப்பு மதிப்பையும்) மாற்ற வேண்டும். டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் முன்னணி பிரவுசர்கள் 2020இல் கைவிட்டதால், இந்த மாற்றம் இல்லாமல் பக்கமே திறக்காது. மாற்றிய பிறகும், இன்று பல சர்வர்கள் கேட்கும் இசிடிஎச்இ வகை மறையாக்கச் சாவிப் பரிமாற்றம் இந்தப் பதிப்பில் இல்லை. இதன் வலி உள்ளே வரும் கோரிக்கைகளைவிட வெளியே போகும் அழைப்புகளில்தான் அதிகம்: கூரியர் கட்டணத்தைக் கேட்டு நிரல் வெளி ஏபிஐ (நிரல்கள் தரவு கேட்கும் இணையச் சேவை) ஒன்றை அழைத்தால், எதிர்முனை இணைப்பின் தொடக்கப் பேச்சான ஹேண்ட்ஷேக்கிலேயே இணைப்பைத் துண்டித்துவிடுகிறது, நிரலில் எத்தனை முறை தேடினாலும் பிழை அகப்படாது. எச்டிடிபி சர்வரும் அப்பாச்சி 2.2 வரிசையைச் சேர்ந்தது. அந்த வரிசையின் கடைசி வெளியீடு 2017 ஜூலையில் வந்துவிட்டது.

எனவே இந்த இயந்திரத்தை இணையத்துக்கு நேராகத் திறந்து வைக்கவே கூடாது. முன்னால் ஒரு லினக்ஸ் இயந்திரத்தில் என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வரை ரிவர்ஸ் பிராக்ஸியாக (கோரிக்கைகளை முன்னால் வாங்கி உள்ளே அனுப்பும் இடைநிலையாக) நிறுவி, டிஎல்எஸ் அங்கேயே முடியும்படி செய்து, உள்ளே தனி விஎல்ஏஎன் (பிரித்து வைத்த உள் வலையமைப்பு) வழியாக மட்டும் ஐபிஎம் ஐயை அடையவிட வேண்டும். வெளியே போகும் அழைப்புகளையும் அதே இயந்திரம் வழியாக அனுப்பலாம். இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் உள்ளீட்டைச் சரிபார்க்காமல் எஸ்க்யூஎல் (தரவுத்தள வினவல் மொழி) வாக்கியத்தில் ஒட்டும் நிரலை எந்தப் பிராக்ஸியும் காப்பாற்றாது என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

புதிய நிரல்மொழிகளை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். அவற்றைத் தரும், ஆர்பிஎம் என்ற நிறுவல் கோப்பு வடிவிலான திறமூலத் தொகுப்புகள் 2018இல் வந்தபோதே 7.2ஐத்தான் குறைந்தபட்சமாகக் கேட்டன.

தமிழில் தரவு வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிசிஎஸ்ஐடி (எழுத்துக் குறியீட்டைக் குறிக்கும் எண்) 37 கொண்ட எப்சிடிக் (ஐபிஎம்மின் பழைய எழுத்துக் குறியீடு) புலத்தில் தமிழ் எழுத்துகளுக்கு இடமே இல்லை. வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் சேமித்தால் எழுத்துகள் போய் மாற்றுக் குறிகள்தான் மிஞ்சும், மூல எழுத்தை மீட்கவும் முடியாது. அந்தப் புலங்களை யூடிஎஃப்-16க்குரிய 1200இல் அமைத்து, எச்டிடிபி சர்வரின் வலைப்பக்கக் குறியீட்டையும் இயல்பான 819இலிருந்து யூடிஎஃப்-8க்குரிய 1208க்கு மாற்ற வேண்டும். இது ஒருநாள் வேலைதான். ஆனால் தரவு ஏறுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

அலுவலக வலையமைப்புக்குள் மட்டும் பயன்படும் சரக்கு விசாரணை, ஆர்டர் நிலவரம் போன்ற பக்கங்களுக்கு 7.1 இன்னும் போதும் என்பதே என் கருத்து. அட்டைப் பணம் வாங்கும் செயலிக்கு வேண்டவே வேண்டாம். அட்டைப் பணப் பாதுகாப்புக்கான பிசிஐ தர விதிகள் பாதுகாப்புத் திருத்தங்களை உரிய காலத்தில் போடச் சொல்கின்றன, இந்தப் பதிப்புக்கு அவை வழக்கமாக வருவதில்லை. பவர்8 இயந்திரம் வைத்திருப்பவர்கள் 7.1இலிருந்து 7.3க்கு நேரடியாக ஏறலாம். அதன் வழக்கமான ஆதரவும் 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டதால் அங்கே தங்காமல் 7.4 வரை போய்விடுவது நல்லது. பவர்5 வைத்திருப்பவர்கள் பிராக்ஸியை இந்த மாதமே நிறுவிவிட்டு, புதிய இயந்திரத்துக்கான தொகையை அடுத்த பட்ஜெட்டில் கேட்கட்டும்.