சரிவு வளவில் தோட்டம் போடக் கொடுக்கப் போகிறவர்கள் பாருங்கள்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வளவு வீட்டு வாசலில் இருந்து பின்பக்கம் போகப் போக 9 அடி இறங்கும். அதைச் சமமாக்கிப் புல்லும் பூமரமும் வைத்துத் தருகிறேன் என்று போன ஓகஸ்டில் ஒருவர் வந்தார். கணினியில் வரைந்த படங்களைக் காட்டினார். அதில் வாங்கு போட்டிருந்த இடத்தை அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மொத்தம் 9 இலட்சம், முற்பணம் 6. எழுத்தில் எதுவும் வாங்கவில்லை, அது என் பிழை.

கீழ்ப்பக்கம் சீமெந்துக் கல்லால் ஆறடி மதில் கட்டி, வெட்டின மண்ணையே பின்னால் கொட்டி நிரப்பி, மேலே மலேசியன் புல் பதித்தார். ஒக்டோபரில் வளவு பச்சைப் பசேல் என்று இருந்தது. மீதிக் காசையும் கொடுத்துவிட்டேன்.

நவம்பரில் மாரி தொடங்கியது. நம்மூர் மாரியைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? மூன்றாம் நாள் காலை மதில் நடுவில் வயிறு தள்ளி நின்றது. பூச்சில் விரல் நுழைகிற வெடிப்பு. அதிலிருந்து செம்மண் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். "புது மதில் கொஞ்சம் இறங்கும், பயப்படாதீங்க அண்ணா" என்றார். அன்றிரவே 20 அடி நீளத்துக்குச் சரிந்து, கீழ்வீட்டு அக்காவின் கிணற்றடி முழுக்கச் சேறு. அதோடு தோட்டம் போட்டவர் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

அப்புறம் பாலையூற்றில் இருந்து வந்த வயதான மேசன் ஒருவர், நின்ற மிச்ச மதிலைப் பார்த்ததும் கேட்டார்: "தம்பி, தண்ணி போற ஓட்டை எங்க?" ஒன்றுகூட இல்லை. அத்திவாரமும் ஒரு அடி ஆழம் இல்லை. மண்ணைத் தாங்குகிற மதில் என்றால் அடியோரம் நாலைந்து அடிக்கொரு குழாய்த் துண்டு வைக்க வேண்டும். பின்னால் சல்லி நிரப்பி, மண் வந்து அடைக்காமல் துணி விரிக்க வேண்டும். மேலிருந்து வரும் தண்ணீரைக் கான் வெட்டிப் பக்கத்தால் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் மண்ணின் பாரத்தோடு தண்ணீரும் சேர்ந்து தள்ளும். ஒரு கன மீற்றர் தண்ணீரே 1000 கிலோ.

இப்போது மூன்றடியில் இரண்டு கருங்கல் மதில், நடுவில் ஒரு தட்டு. மிச்சச் சரிவை வெட்டாமல் வெட்டிவேர் நட்டிருக்கிறோம். அதன் வேர் 3 மீற்றர் வரை நேரே கீழிறங்கும். இதற்கு இன்னொரு 7 இலட்சம் போனது.

யாராவது படத்தோடு வந்தால், மழைத் தண்ணீர் எந்தப் பக்கத்தால் போகும் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சரிவதற்கு முன் எடுத்த எங்கள் புல்வெளிப் படத்தைத்தான் அந்தத் தோட்டம் போட்டவர் இப்போதும் காட்டிக்கொண்டு திரிகிறார். போன கிழமை இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு வீட்டில் காட்டியிருக்கிறார்.