ஜவ்வாது மலை நட்சத்திர கேம்ப்: ஏலியன் ஏன் நம்மகிட்ட வரலைங்கற அந்தப் பேச்சுக்காகவே போலாம்

ஏப்ரல் கடைசியில அமாவாசைக்கு முந்தின ராத்திரி ஜவ்வாது மலையில ஒரு நட்சத்திரம் பாக்குற கேம்புக்குப் போயிட்டு வந்தோம். நான், எங்க அண்ணன் பொண்ணு, அவ ஸ்கூல் ஃப்ரெண்ட், அந்த ஃப்ரெண்டோட அம்மா, நாலு பேரு. தலைக்கு 1,800 ரூபா, ராத்திரி சாப்பாடு, காலை டிபன், டென்ட், டெலஸ்கோப் எல்லாம் அதுலயே வந்துடும். காவலூர் அப்சர்வேட்டரிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, அது கவர்மென்ட், இது ஒரு தோட்டத்துல தனியார் நடத்துறது, என்கிட்டயே மூணு பேரு குழம்பிக் கேட்டாங்க அதான் முதல்லயே சொல்லிடுறேன். கேம்ப் பேரு போடல, குறையும் சொல்லப் போறேன், அங்க வேல செய்யுற பசங்க ரொம்ப நல்ல பசங்க, அவங்க பொழப்புல கை வைக்க மனசு வரல.

சாப்பாடு சூப்பர். சாமைச் சோறு, கத்திரிக்கா காரக்குழம்பு, சுட்ட அப்பளம், கேட்டு கேட்டுப் போட்டாங்க. பாத்ரூம் முப்பது பேருக்கு ரெண்டு தான், அது பத்தாது. டென்ட் ஓகே. வாணியம்பாடியில இருந்து ஆலங்காயம் வழியா மேல ஏறுறப்ப வளைவு நெறய, வாந்தி வர்றவங்க முன்னாடி சீட்டுல உக்காந்துக்கோங்க.

பெரிய குறை ஒண்ணு இருக்கு. ஏழு மணிக்கு திரை கட்டி ஒரு வீடியோ போட்டாங்க, இருபது நிமிஷம், பிரமிட ஏலியன் வந்து கட்டுனாங்க, நம்ம கோயிலையும் அவங்க தான் கட்டுனாங்கன்னு பயங்கரமான மியூசிக்கோட ஓடுது. சின்னப் பிள்ளைங்க வாயப் பொளந்துட்டு பாக்குதுங்க. எனக்கு உண்மையிலயே கோவம் வந்துச்சு. கல்ல வெட்டி, உருட்டி, தூக்கி, தலைமுறை தலைமுறையா அந்த வேலைய செஞ்சவங்களோட உழைப்ப ஒரே நிமிஷத்துல பிடுங்கி யாருக்கோ குடுக்குற வேலை அது. நட்சத்திரம் பாக்க வர்ற பிள்ளைங்களுக்கு முதல்ல ஊட்டுறது இதுவா இருக்கக் கூடாது. கேம்ப்காரங்க இதப் படிச்சா தயவு செஞ்சு அந்த வீடியோவ எடுத்துடுங்க, உங்ககிட்ட அத விட நூறு மடங்கு நல்ல விஷயம் இருக்கு.

அந்த நல்ல விஷயம் தான் வாத்தியார். ரிட்டையர் ஆன ஃபிசிக்ஸ் வாத்தியாராம், எல்லாரும் அப்படியே தான் கூப்பிடுறாங்க. சாப்பாடு முடிஞ்சதும் லைட் எல்லாம் அணைச்சிட்டு, டார்ச்சுல சிவப்பு கண்ணாடித்தாள் சுத்திக்கிட்டு, பத்து மீட்டர் கயிறு ஒண்ண தரையில நீட்டிப் போட்டாரு. "இது நம்ம பால்வெளி, இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் ஒரு லட்சம் ஒளி வருஷம்"னாரு. ஒளி ஒரு வருஷத்துல போற தூரம் தான் ஒரு ஒளி வருஷம். நடுவுல இருந்து ரெண்டரை மீட்டர் தள்ளி, நாம இருக்குற இடத்துல, பாக்கெட்டுல இருந்து ஒரு அரநெல்லிக்காய எடுத்து வெச்சாரு. நாம ரேடியோ, டிவி, ராடார்னு வெளிய விட்ட அலை எல்லாம் நூறு வருஷத்துல நாலாபக்கமும் போய்ச் சேந்த தூரம் மொத்தமே அந்த நெல்லிக்கா சைஸ் தானாம். மிச்ச கயிறு முழுக்க எவ்ளோ பேரு இருந்தாலும் நாம இருக்குற சத்தமே இன்னும் அவங்க காதுல விழல. நான் குனிஞ்சு பாத்தேன், அந்த நெல்லிக்காய்ல ஒரு பக்கம் லேசா அடிபட்ட மாதிரி கருப்பு, அதுக்குள்ள தான் நம்ம சண்டை, நம்ம பாட்டு, எல்லாமே. எனக்கு அந்த நிமிஷம் என்னமோ பண்ணிடுச்சு.

1950ல என்ரிகோ ஃபெர்மின்னு ஒரு பெரிய விஞ்ஞானி லாஸ் அலமோஸ்ல மத்தியானம் சாப்பிட்டுக்கிட்டே "அப்போ எல்லாரும் எங்க?"ன்னு கேட்டாராம், அந்த ஒரு கேள்விய வெச்சு தான் இத்தன வருஷமா பேசிட்டு இருக்காங்க. கேலக்ஸிக்கு வயசு ஆயிரம் கோடி வருஷத்துக்கு மேல, நமக்கு முன்னாடியே எவனாவது வளந்திருந்தா இந்நேரம் இங்க வந்து போயிருக்கணுமே, ஏன் வரல. யாருமே இல்லங்கறது ஒரு பதில். வாத்தியார் அத மறுக்கல, அதுவா கூட இருக்கலாம்னு சொல்லிட்டு, ஆனா இருந்தும் வராம இருக்காங்கன்னா ஏன்னு மட்டும் இன்னைக்கு யோசிப்போம்னாரு.

முதல்ல பயத்தப் பத்தி. 1974 நவம்பர் 16ஆம் தேதி போர்ட்டோ ரிக்கோவுல அரெசிபோன்னு 305 மீட்டர் அகலத் தட்டுல இருந்து எம் 13ங்கற நட்சத்திரக் கூட்டத்துக்கு ஒரு மெசேஜ் அனுப்புனாங்க, மொத்தம் 1,679 பிட், அதுக்குள்ள நம்பர், டிஎன்ஏ, ஒரு மனுஷ உருவம், சூரியக் குடும்பம் எல்லாம் புள்ளி புள்ளியா. அது போய்ச் சேர சுமாரா 25,000 வருஷம், கயித்துக் கணக்குல இதுவரைக்கும் அரை சென்டிமீட்டர் தான் நகந்திருக்கு. அதுக்கே இங்கிலாந்து வானியலாளர் மார்ட்டின் ரைல் எதிர்ப்பு தெரிவிச்சாராம், யாருன்னு தெரியாதவங்களுக்கு நம்ம அட்ரஸ குடுக்குறோமேன்னு. 2010ல ஸ்டீஃபன் ஹாக்கிங் கூட கொலம்பஸ் வந்து இறங்குனது அமெரிக்காவுல ஏற்கனவே இருந்த ஜனங்களுக்கு நல்லதா முடியலன்னு எச்சரிக்க பண்ணாரு. நாம பயப்படுற மாதிரி அவங்களும் யாரப் பாத்தாவது பயந்து சத்தம் போடாம இருக்கலாம்.

எனக்கு இது அவ்ளோவா ஒட்டல. நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் வர்ற அளவுக்கு வளந்தவங்க நெல்லிக்காய்க்குள்ள இருக்குற நம்மளப் பாத்து பயப்படுவாங்கன்னு சொல்றது நம்மள நாமளே பெருசா நெனச்சுக்கிறது மாதிரி தான் இருக்கு.

அடுத்து அவரு சொன்னது தான் ராத்திரி முழுக்க மனசுல நின்னுச்சு. 1973ல ஜான் பால்னு ஒருத்தர் ஒரு கருத்து எழுதுனாரு, அவங்க நம்மளப் பாத்துக்கிட்டே இருக்கலாம், ஆனா கலைச்சிடக் கூடாதுன்னு வேணும்னே ஒதுங்கி நிக்கலாம், மிருகக்காட்சி சாலை மாதிரின்னு. வாத்தியாருக்கு அந்தப் பேரு புடிக்கல. "கூண்டு எதுக்கு, நம்ம கொள்ளுக்குடிப்பட்டிய எடுத்துக்கோங்க"ன்னாரு. சிவகங்கை மாவட்டத்துல வேட்டங்குடி பறவை சரணாலயம் இருக்குல்ல, அங்க சுத்துப்பட்டு கிராமத்துல தீபாவளிக்கு வெடி வெடிக்க மாட்டாங்க, பறவைங்க பயந்து கூட்ட விட்டுப் போயிடும்னு. "அந்தப் பறவைக்கு இது தெரியுமா? இன்னைக்கு தீபாவளி, இந்த ஊர்ப் பிள்ளைங்க நமக்காக கைய கட்டிட்டு இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்? அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் ராத்திரி அமைதியா இருந்துச்சு, அவ்ளோ தான்." சொல்லிட்டு மேல கைய காட்டுனாரு. யாரும் பேசல. நானும் மேல பாத்தேன், அவ்ளோ நட்சத்திரம், ஒரு சத்தமும் இல்ல.

அப்ப தான் எங்க கூட வந்த அக்கா, அந்த ஃப்ரெண்டோட அம்மா, பேச ஆரம்பிச்சாங்க. அவங்க பொறந்து வளந்ததெல்லாம் அந்தமான் போர்ட் பிளேர்ல, அங்க நம்ம தமிழ்க் குடும்பங்க நெறய. போர்ட் பிளேர்ல இருந்து வடக்க போற ரோடு ஜரவாங்கற பழங்குடி ஜனங்க இருக்குற காட்டுக்கு நடுவுல போகுது, இப்ப வண்டிங்க எல்லாம் வரிசையா கான்வாய்ல தான் போகணும், நிறுத்தக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, எதுவும் குடுக்கக் கூடாது. அவங்க ஆறாவது படிக்கிறப்ப, 1998ல, ஜரவா ஜனங்க காட்ட விட்டு வெளிய வர ஆரம்பிச்ச சமயமாம், பஸ்ல போறவங்க ஜன்னல் வழியா வாழப்பழம், பிஸ்கட்டுன்னு தூக்கிப் போடுவாங்களாம். "நானும் போட்டேன், ஒரு சின்னப் பையன் ஓடி வந்து எடுத்தான், எனக்கு அவ்ளோ சந்தோஷம், அடுத்த வருஷம் அவங்களுக்கு தட்டம்மை வந்துச்சு, என்னால தான்னு ரொம்ப நாள் நெனச்சுட்டு இருந்தேன்"னாங்க. இருட்டுல மூஞ்சி தெரியல, குரல் மட்டும் கொஞ்சம் தழுதழுத்துச்சு. வாத்தியார் மெதுவா "நீங்க குழந்தம்மா"ன்னாரு.

அதுக்கப்புறம் அவங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி சொன்னது தான் மீதி. கிரேட் அந்தமானீஸ்னு ஒரு ஜனம் ஆயிரக்கணக்குல இருந்தாங்க, 1858ல பிரிட்டிஷ்காரன் அங்க கைதிகளக் கொண்டு வந்து குடியேத்துனான், 1877ல தட்டம்மை, இன்னும் என்னென்னவோ நோய், 1961 கணக்கெடுப்புல வெறும் 19 பேரு. வெளி ஆளுங்கள அண்ட விடாத ஜனங்க இருக்குற வடக்கு சென்டினல் தீவுல 1880ல போர்ட்மேன்னு ஒரு அதிகாரி ஆராய்ச்சிக்குன்னு ஆறு பேர பிடிச்சுட்டு வந்தாரு, வயசானவங்க ரெண்டு பேரு நோய் வந்து செத்துட்டாங்க, குழந்தைங்க நாலு பேர பரிசுப் பொருளோட திருப்பி விட்டாரு. 1991ல நம்ம மானுடவியல்காரங்க போய் தேங்கா குடுத்தாங்க, அவங்களும் தண்ணில இறங்கி வந்து கையில வாங்கிக்கிட்டாங்க, முதல் தடவ நட்பா ஒரு சந்திப்பு. கொஞ்ச வருஷத்துல கவர்மென்ட்டே அந்தப் பயணத்த நிறுத்திடுச்சு.  இதுக்கு மேல போனா நோய் ஒட்டிக்கும், அவங்களுக்கு தான் ஆபத்துன்னு.

எங்க அண்ணன் பொண்ணு அப்ப ஒண்ணு கேட்டா. "அத்தை, அவங்களுக்கு உடம்பு முடியலன்னா? நம்மகிட்ட மருந்து இருக்கே, போகாம இருந்தா அது தப்பு இல்லயா?" என்னால பதில் சொல்ல முடியல. வாத்தியாரும் உடனே சொல்லல, நல்ல கேள்வின்னு சும்மா தட்டிக் குடுக்கவும் இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு, 2004 சுனாமி அப்ப என்ன நடந்துச்சுன்னு சொன்னாரு. அந்தத் தீவுல யாராவது உயிரோட இருக்காங்களான்னு பாக்க ஹெலிகாப்டர் போச்சு, ஒரு ஆளு கடற்கரையில ஓடி வந்து வில்ல தூக்கி ஹெலிகாப்டர குறி வெச்சான், அந்தப் போட்டோ எல்லாப் பேப்பர்லயும் வந்துச்சு. இருக்காங்கன்னு தெரிஞ்சதும் ஹெலிகாப்டர் திரும்பிடுச்சு. "அவனப் பொறுத்தவரைக்கும் ஏதோ ஒண்ணு வானத்துல வந்துச்சு, நான் விரட்டிட்டேன், அது போயிடுச்சு. நாம எதுக்கு வந்தோம், ஏன் இறங்கலன்னு அவனுக்குத் தெரியாது. உன் கேள்விக்கு என்கிட்ட முழுசா பதில் இல்லம்மா"ன்னாரு. பிள்ளைங்கள ஏமாத்தாம பேசுற பெரியவங்க ரொம்பக் கம்மி, அதுக்கே அவருக்கு அஞ்சு ஸ்டார் குடுக்கலாம்.

நான் இந்த கேம்புக்குப் போறதுக்கு முன்னாடி வேற மாதிரி தான் நெனச்சிருந்தேன். நாம அடிச்சுக்கிறோம், குண்டு போடுறோம், காட்ட அழிக்கிறோம், நம்மளப் பாத்து அருவருத்து வரல போலன்னு. இப்ப அப்படித் தோணல. துப்பாக்கியோட வர்றவன் செய்யுற கெடுதல் எல்லாருக்கும் தெரியும், பிஸ்கட்டோட வர்றவன் செய்யுற கெடுதல் தான் யாருக்கும் தெரியாது. எவ்ளோ நல்லவங்களா வந்தாலும் சரி, கேன்சருக்கு மருந்து, கரன்ட்டுக்கு வழி, எல்லாக் கணக்குக்கும் விடைன்னு ஒரே நாள்ல கையில குடுத்துட்டா, அதுக்கப்புறம் எந்தப் பிள்ளை ராத்திரி முழிச்சு எதக் கண்டுபிடிக்கப் போகுது? அதுவரைக்கும் நாம சேத்து வெச்ச கேள்வி எல்லாம் அன்னைக்கே பழைய பேப்பர் ஆயிடும். இத நாமளே கொஞ்சம் கத்துக்கிட்டு தான் இருக்கோம்னும் வாத்தியார் சொன்னாரு. சனி கிரகத்த சுத்திட்டு இருந்த காசினி விண்கலத்துக்கு எரிபொருள் தீரப் போகுதுன்னதும் 2017 செப்டம்பர் 15ஆம் தேதி அத சனி கிரகத்துக்குள்ளயே விட்டு எரிச்சிட்டாங்க, ஏன்னா சனியோட என்சிலாடஸ் நிலாவுல பனிக்கு அடியில கடல் இருக்கு, அதுல ஏதாவது உயிர் இருக்க வாய்ப்பு இருக்கு, நம்ம ஊர்க் கிருமி தெரியாத்தனமா கூட அங்க போயிடக் கூடாதுன்னு. இருக்கான்னே தெரியாத ஒரு உயிருக்காக அவ்ளோ பெரிய மெஷின எரிக்கிற அளவுக்கு நாமளே வந்துட்டோம்னா, நமக்கு லட்சம் வருஷம் முன்னாடி போனவங்க எவ்ளோ ஜாக்கிரதையா இருப்பாங்க.

டெலஸ்கோப் பத்தி சொல்லணும்ல. எட்டு இன்ச் டாப்சோனியன், ரெண்டு இருக்கு, ஒண்ணுல கண்ணாடி கொஞ்சம் மங்கல், வாத்தியார் நிக்குறதுல போய் நில்லுங்க. பதினோரு மணிக்கு தெக்க தாழ்வா ஓமேகா சென்டாரிங்கற நட்சத்திரக் கூட்டத்தக் காட்டுனாரு. பின்னாடி ராத்திரி ரெண்டு மணிக்கு எங்கள எழுப்பி எம் 13 காட்டுனாரு, அந்த மெசேஜ் போயிட்டு இருக்குற அதே இடம். கருப்புத் துணியில ரவ சிந்துன மாதிரி இருக்கு, முதல்ல ஒரு புகை தான் தெரியும், கண்ண லேசா ஓரமா திருப்பி பொறுமையா பாத்தா ஒவ்வொரு ரவையும் தனித்தனியா வருது, லட்சக்கணக்குல சூரியன். எங்க அண்ணன் பொண்ணு கண்ண எடுக்கவே இல்ல, பின்னாடி ஆறு பேரு நிக்குறாங்கன்னு நான் தான் தோளத் தட்டி இழுத்தேன்.

போறவங்களுக்கு சிலது சொல்றேன். அமாவாசைய ஒட்டி மட்டும் போங்க, நிலா இருந்தா காசு வேஸ்ட். ஏப்ரல்லயே ராத்திரி ஸ்வெட்டர் வேணும். வீடியோ போடுறப்ப பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டு வந்துடுங்க. எங்களுக்குப் பக்கத்து டென்ட்ல ஒரு க்ரூப் பத்து மணிக்கு ஸ்பீக்கர் வெச்சு வெள்ள லைட் போட்டாங்க, கேம்ப் பசங்க போய் கெஞ்சி அணைக்க வெச்சாங்க, இதுக்கு புக்கிங் அப்பவே ரூல் போடணும். புக் பண்ணும்போது வாத்தியார் வர்ற நாளான்னு கண்டிப்பா கேளுங்க, அவரு எல்லா வாரமும் வர்றதில்ல.

நாங்க ஜனவரியில மறுபடியும் போறோம். 1960ல ஃபிராங்க் டிரேக் அமெரிக்காவுல கிரீன் பேங்க்ல ரேடியோ டெலஸ்கோப்ப திருப்பி முதல் முதலா யாராவது பேசுறாங்களான்னு கேட்ட ரெண்டு நட்சத்திரம், டௌ செட்டி, எப்சிலான் எரிடானி, ரெண்டும் அப்ப சாயங்காலமே வெறுங்கண்ணுக்குத் தெரியுமாம், பன்னெண்டு ஒளி வருஷத்துக்குள்ள தான் இருக்கு. கயித்துல அத எங்க வைக்கணும்னு அண்ணன் பொண்ணு கணக்குப் போட்டு வெச்சிருக்கா, ரெண்டுமே நெல்லிக்காய்க்குள்ளயே வந்துடுதாம், அத வாத்தியார்கிட்ட காட்டணும்னு இப்பவே நாள் எண்ணிட்டு இருக்கா.