அரசு செலவில் வேலை தேடித்தரும் சேவை: எட்டு மாத அனுபவம்

வேலை போன பிறகு, அரசுப் பணத்தில் ஒரு தனியார் நிறுவனம் நடத்தும் வேலை தேடல் சேவையில் எட்டு மாதம் இருந்தேன். ஐந்துக்கு இரண்டு கொடுக்கலாம். அந்த இரண்டும் ஒரே ஓர் ஆலோசகருக்காக.

முதல் ஆலோசகர், பெயர் மனதில் பதியும் முன்பே மாறிவிட்டார். அடுத்தவர் கணினித் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. "இந்த மாசம் எத்தனை விண்ணப்பம் போட்டீங்க?" அவ்வளவுதான் பேச்சு. இருபது வருடம் கணக்கெழுதிய என்னை, கிடங்கில் மூட்டை தூக்கும் வேலைக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். எண்ணிக்கை நிரம்ப வேண்டுமே! சுயவிவரம் எழுதும் பயிற்சிக்கு மூன்று முறை அனுப்பினார்கள். மூன்றாம் முறை பக்கத்தில் இருந்தவருக்கு நானே சொல்லிக்கொடுத்தேன்.

கடைசியாக வந்த அம்மா வேறு ரகம். எனக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிட்டு, ஒரு முதலாளியிடம் நேராகப் போனில் பேசினார். மறு வாரம் நேர்காணல், அப்புறம் வேலை.

எல்லாரும் அவரைப் போல இல்லாததற்கு ஒப்பந்த முறையும் காரணம். சேர்த்துவிட்ட ஆள் சில வாரம் வேலையில் நிலைத்தால்தான் பணம் என்றால், சுலபமாக வேலை கிடைக்கிறவரைத்தான் கவனிப்பார்கள். மற்றவர் கோப்பில் கிடப்பார். 1998இல் இந்தச் சேவையைத் தனியாருக்குக் கொடுத்த ஆஸ்திரேலியாவில், முழுத் தனியார்மயம் தோற்றுவிட்டது என்று 2023இல் நாடாளுமன்றக் குழுவே சொன்னது.

என்னைக் கேட்டால், முதலில் ஓர் ஆலோசகர் தலையில் கட்டும் ஆட்களின் எண்ணிக்கையைக் குறைக்கட்டும். விண்ணப்பக் கணக்கெல்லாம் அப்புறம்.