சேலத்து வானத்துக்கு தினசரி காலண்டர் எவ்வளவு சரி?

செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய 2026 தினசரி காலண்டர். நடுத்தர அளவு, பிள்ளையார் படம் போட்ட அட்டை, சிவகாசி அச்சு, விலை நூறு ரூபாய்க்குள். நகைக்கடையிலும் மளிகைக்கடையிலும் இலவசமாகக் கொடுப்பது பெரும்பாலும் இதே சரக்குதான், அட்டையில் கடைப் பெயர் மட்டும் மாறும். ராசி பலன், நல்ல நேரம், சந்திராஷ்டமம் இதையெல்லாம் நான் இங்கே மதிப்பிடப் போவதில்லை. நிலா, கிரகணம், பருவம் இந்த மூன்றையும் இந்தக் காலண்டர் எப்படிச் சொல்கிறது, அது சேலத்து மொட்டை மாடியிலும் ஏற்காட்டிலும் நின்று பார்க்கிறவனுக்கு ஒத்து வருகிறதா என்பதுதான் என் கேள்வி.

முதலில் நல்லது. ஒவ்வொரு தாளின் அடியிலும் பொடி எழுத்தில் திதி, நட்சத்திரம் என்று இரண்டு வரி இருக்கும். நிறைய பேர் அதை விசேஷம் வைக்க மட்டும்தான் பார்க்கிறார்கள். ஆனால் அது சுத்தமான வானியல் கணக்கு. சூரியனை விட்டு நிலா 12 பாகை விலகினால் ஒரு திதி, அப்படி முப்பது திதி சேர்ந்தால் ஒரு சுற்று, அதற்கு ஆகும் காலம் சராசரியாக 29.53 நாள். நிலா ஒரே வேகத்தில் போவதில்லை, பூமிக்குப் பக்கத்தில் வரும்போது வேகமாகவும் தள்ளிப் போகும்போது மெதுவாகவும் நகர்கிறது, அதனால் ஒரு திதி இருபது மணி நேரத்திலும் முடியலாம், இருபத்தாறு மணி நேரத்துக்கு மேலும் இழுக்கலாம். ‘பகல் 2.10 வரை சப்தமி, பிறகு அஷ்டமி’ என்று ஒவ்வொரு நாளும் வேறு வேறு நேரம் போட்டிருப்பது அதனால்தான். நட்சத்திர வரி இன்னொரு கணக்கு: நட்சத்திரங்களுக்கு நடுவே நிலா எங்கே நிற்கிறது என்பது. அந்தச் சுற்று 27.3 நாளில் முடிந்துவிடும், அதனால்தான் நட்சத்திரம் இருபத்தேழு.

இதைத் தெரிந்துகொண்டால் காலண்டரைப் பார்த்தே நிலா எப்போது எங்கே இருக்கும் என்று சொல்லிவிடலாம். வளர்பிறை அஷ்டமி என்றால் பொழுது சாயும்போது நிலா கிட்டத்தட்ட தலைக்கு மேலே, நடுராத்திரி வாக்கில் மறையும். தேய்பிறை அஷ்டமி என்றால் நடுராத்திரிக்குத்தான் எழும். ஒரு நாளைக்குச் சராசரியாக ஐம்பது நிமிடம் பிந்தும். ஏற்காட்டுக்கு ராத்திரி வானம் பார்க்கக் கிளம்புகிறவர்கள் அறை பதிவு செய்வதற்கு முன்னால் இந்த வரியைப் பார்த்தால் போதும். பௌர்ணமி அன்று இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய், நட்சத்திரமே தெரியவில்லை என்று திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். நட்சத்திரம் வேண்டுமென்றால் அமாவாசையை ஒட்டிப் போங்கள். லேடீஸ் சீட் பக்கம் வேண்டாம், அங்கே சேலம் நகர வெளிச்சம் தென்வானத்தைக் கழுவி எடுத்துவிடும், ஏரியைத் தாண்டி வடக்கே நாகலூர்ப் பக்கம் நல்ல இருட்டு. நிலாவைத்தான் பார்க்க வேண்டும், கையில் ஒரு பைனாகுலர் இருக்கிறது என்றால் பௌர்ணமியை விட வளர்பிறை சப்தமி, அஷ்டமிதான் சிறந்தது. அப்போது வெளிச்சமும் இருளும் பிரிகிற கோட்டை ஒட்டி பள்ளங்களின் நிழல் நீளமாக விழும், ஒவ்வொரு விளிம்பும் தனித்தனியாகத் தெரியும். பௌர்ணமியில் சூரியன் நேராக அடிப்பதால் நிழல் இல்லை, எல்லாம் வெளுத்துப் போயிருக்கும்.

சரி, இந்தத் திதி நேரங்களை நம்பலாமா? காலண்டர்களில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு வகை உண்டு. வாக்கியம் பழைய சூத்திரங்களின்படி போடுவது, திருக்கணிதம் இன்றைக்கு வானத்தில் அளந்த நிலையோடு ஒத்துப் போகும்படி திருத்தியது. இரண்டுக்கும் திதி முடியும் நேரத்தில் சில சமயம் மணிக்கணக்கில் வித்தியாசம் வரும். எது சரி என்று வீட்டில் சண்டை போட வேண்டியதில்லை, கிரகணமே அதற்குப் பரீட்சை வைத்துவிடும். பௌர்ணமி திதி முடிகிற கணம் என்பது சூரியனும் நிலாவும் நேர் எதிரே, 180 பாகையில் நிற்கிற கணம். சந்திர கிரகணத்தின் நடு நேரமும் அதை ஒட்டித்தான் வர வேண்டும், சில நிமிடம் முன்பின் ஆகலாம், அவ்வளவுதான்.

2025 செப்டம்பர் 7 ஞாயிற்றுக்கிழமை முழு சந்திர கிரகணம் வந்தது நினைவிருக்கும். இரவு 9.57-க்கு நிழல் கடிக்கத் தொடங்கியது, 11.01-க்கு முழுதாக மூடியது, 12.23-க்கு வெளியே வரத் தொடங்கியது, 1.27-க்கு முடிந்தது. முழுமையின் நடு நேரம் 11.41. இதே காலண்டரின் போன வருடப் பதிப்பு பௌர்ணமி 11.38 வரை என்று போட்டிருந்தது. திருக்கணிதக் காலண்டர், தேறிவிட்டது. எங்கள் சமையலறையில் தொங்கிய இலவசக் காலண்டர் வேறு நேரம் சொன்னது. அம்மா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “ஏங்கண்ணு, அப்ப விரதத்துக்கு எதை வெச்சுக்கறது?” என்று கேட்டார். விரதம் அவரவர் குடும்ப வழக்கம், அதில் நான் தலையிடுவதில்லை. வானம் பார்க்க மட்டும் திருக்கணிதம்தான் என் தேர்வு. வாங்கும்போது முதல் பக்கத்தில் எது என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

இந்த 2026-க்கு வருகிறேன். நாலு கிரகணம் போட்டிருக்கிறார்கள்: பிப்ரவரி 17 சூரியன், மார்ச் 3 சந்திரன், ஆகஸ்ட் 12 சூரியன், ஆகஸ்ட் 28 சந்திரன். தேதிகள் எல்லாம் சரி. ஆனால் என் பெரிய புகார் இங்கேதான். நாலில் மூன்று இந்தியாவிலேயே தெரியாது. பிப்ரவரி வளையக் கிரகணம் அண்டார்டிகாப் பக்கம், ஆகஸ்ட் 12 முழுக் கிரகணம் ஐஸ்லாந்து, ஸ்பெயின் பக்கம், ஆகஸ்ட் 28 நடக்கும்போது நமக்குக் காலை வேளை, நிலா அடிவானத்துக்குக் கீழே. காலண்டரில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ‘இங்கு தெரியாது’ என்று இரண்டு சொல் போட இடமா இல்லை? அந்த இரண்டு சொல் இல்லாததால் எத்தனை கர்ப்பிணிப் பெண்கள் காரணமே இல்லாமல் நாள் பூரா அறைக்குள் அடைந்து கிடக்கிறார்கள் என்று நினைத்தால் கோபம்தான் வருகிறது. தெரிகிற கிரகணமாகவே இருந்தாலும் சந்திர கிரகணம் என்பது பூமியின் நிழல் நிலா மேல் விழுவது மட்டும்தான், அதை வெறுங்கண்ணால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். கண்ணுக்கு ஆபத்து சூரிய கிரகணத்தில்தான், அதற்கு முறையான கிரகணக் கண்ணாடி கட்டாயம், எக்ஸ்ரே பிலிமும் கூலிங் கிளாஸும் உதவாது.

மார்ச் 3 மட்டும் நமக்கு உண்டு, அதுவும் வால் பகுதிதான். முழுமை மாலை 5.33-க்கே முடிந்துவிடும், அப்போது இங்கே நிலாவே எழுந்திருக்காது. சேலத்தில் நிலா எழுவது ஆறரையை ஒட்டி, நிழல் முழுவதும் விலகுவது 6.47-க்கு. ஆக, ஒரு பக்கம் கடிபட்ட நிலா எழுவதை இருபது நிமிடம் போலப் பார்க்கலாம். கிழக்கே அடிவானம் திறந்திருக்க வேண்டும். நகருக்குள் வீடுகளும் கோதுமலையும் மறைக்கும். ஏற்காட்டின் கிழக்கு விளிம்பில், பகோடா பாயின்ட் போன்ற இடத்தில், மலை உயரத்தால் நிலா சமவெளியை விடச் சில நிமிடம் முன்னதாகவே தெரியும், இருபது நிமிடக் காட்சியில் அந்தச் சில நிமிடம் பெரிய லாபம். மாசி மாதம் என்பதால் மேகத் தொல்லை குறைவாக இருக்கவும் வாய்ப்பு அதிகம்.

காலண்டரில் எனக்கு ரொம்பப் பிடித்தது, கிரகம் இருக்கும் ராசிக் கட்டம். இந்த வருடம் பெரும்பகுதி ராகு கும்பத்தில், கேது சிம்மத்தில். ராகு, கேது என்பவை நிலாவின் பாதை சூரியனின் பாதையைக் குறுக்கே வெட்டுகிற இரண்டு புள்ளிகள். இரண்டு பாதைக்கும் நடுவே ஐந்து பாகை சாய்வு இருப்பதால்தான் மாதாமாதம் கிரகணம் வருவதில்லை, அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் சூரியன் இருக்கும்போது வருகிற அமாவாசை, பௌர்ணமியில்தான் வரும். சூரியன் கும்பத்தில் இருப்பது மாசி, சிம்மத்தில் இருப்பது ஆவணி. இப்போது மேலே சொன்ன தேதிகளைப் பாருங்கள்: இரண்டு மாசியில், ஒன்று ஆடிக் கடைசியில், ஒன்று ஆவணியில். ராகுவும் கேதுவும் ஒன்றரை வருடத்துக்கு ஒரு ராசி பின்னோக்கி நகர்வதால் கிரகண மாதங்களும் பின்னாலேயே போகும், 2027-இல் தையும் ஆடியும். ஜோசியத்துக்கு மட்டும் என்று எல்லோரும் நினைக்கிற கட்டத்தில் இவ்வளவு பெரிய விஷயம் உட்கார்ந்திருக்கிறது.

சூரிய உதய நேரத்தில் கோட்டை விட்டிருக்கிறார்கள். எந்த ஊருக்கு என்று போடவே இல்லை, ஒத்துப் பார்த்தால் சென்னைக் கணக்கு. சென்னைக்கும் சேலத்துக்கும் தீர்க்கரேகையில் இரண்டு பாகை வித்தியாசம், அதாவது எட்டு நிமிடத்துக்கு மேல். சேலத்தில் சூரியன் மே கடைசியில் சுமார் 5.53-க்கு எழும், தை மாதத்தில் 6.42 வரை போகும். மிகத் தாமதமான உதயம் மார்கழியில் இல்லை, தையில்தான், விடியற்காலையில் நடைக்குப் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

உத்தராயணம் இன்னொன்று. தை 1 தாளில் உத்தராயண புண்ணிய காலம் என்று போட்டிருக்கிறது. ஆனால் சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22-இல். இதை நகரின் நடுப்பகுதியில் எந்த மாடியிலிருந்தும் சரிபார்க்கலாம்: டிசம்பர் கடைசி வாக்கில் சூரியன் கஞ்சமலைப் பக்கம் மறையும், பொங்கல் வருவதற்குள் அங்கிருந்து வலது பக்கம் நகரத் தொடங்கியிருக்கும், ஜூனில் ஓமலூர்த் திசைக்குப் போய்விடும். பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் 72 வருடத்துக்கு ஒரு பாகை என்று நட்சத்திரக் கணக்கும் பருவக் கணக்கும் விலகிக்கொண்டே வந்து, இப்போது 24 நாள் இடைவெளி ஆகிவிட்டது. பொங்கலை மாற்றச் சொல்லவில்லை. டிசம்பர் 21 தாளில் ஒரு வரி சேர்த்தால் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

பருவத்தின் பெயர்களும் அப்படித்தான். சித்திரை, வைகாசிக்கு வசந்த ருது என்று அச்சடித்திருக்கிறது. ஏற்காட்டில் அது பொருந்தும், கோடை மழை ஒன்று விழுந்தால் காபிச் செடி வெள்ளையாகப் பூத்து அந்த வாசனை தோட்டம் முழுக்க நிற்கும். கீழே சேலத்தில் அதே நாளில் தார் ரோடு இளகும். ஏப்ரல் 20, 21-இல் நண்பகல் 12.16 வாக்கில் சூரியன் சேலத்துக்கு நேர் உச்சியில் வரும், நட்டு வைத்த குச்சிக்கு நிழல் இருக்காது. திரும்பவும் ஆகஸ்ட் 22, 23-இல் அதே போல உச்சிக்கு வரும், ஆனால் மேகமும் மழையும் இருப்பதால் அப்போது அந்த அளவு காய்வதில்லை. சூரியன் ஒன்றுதான், உயரம் ஒன்றுதான், மழைக்காலம் வந்ததால் வேறு பருவம். இதைக் காலண்டர் எங்கேயும் சொல்லவில்லை. ஆகஸ்ட் 23 தாளில் தேசிய விண்வெளி தினம் என்று மட்டும் இருக்கிறது, சந்திரயான்-3 இறங்கிய நாள். அதற்கான சோதனைக்கு நிலா மண் போல ஒன்றைத் தயாரிக்கப் பக்கத்து நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதிப் பாறையைத்தான் எடுத்தார்கள், சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவி அமைப்பியல் (ஜியாலஜி) துறையும் அதில் சேர்ந்து வேலை செய்தது. தாளின் பின்பக்கம் காலியாகத்தான் கிடக்கிறது, இதைப் போட்டிருக்கலாம்.

காகிதம் சுமார். பொடி எழுத்து ரொம்பவே பொடி, என் மாமனார் கண்ணாடி போட்டும் திதி வரியைப் படிக்க முடியாமல் என்னைக் கூப்பிடுகிறார். ஏற்காட்டில் அக்கா வீட்டில் மாட்டிய பிரதி மார்கழிப் பனியில் ஈரம் இழுத்து, கிழிக்கும்போது இரண்டு மூன்று தாளாகச் சேர்ந்து வருகிறது. மலையில் இருப்பவர்கள் சன்னலை ஒட்டி மாட்டாதீர்கள்.

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. திதிக்கும் ராசிக் கட்டத்துக்கும் முழு மதிப்பெண், குறைத்தது கிரகணம் இங்கே தெரியுமா என்று சொல்லாததற்கும் ஊர் பெயரில்லாத உதய நேரத்துக்கும். அடுத்த வருடக் காலண்டர் வாங்கும்போது கடையிலேயே ஒரு தாளைப் புரட்டிப் பாருங்கள்: 2027 ஆகஸ்ட் 2. அன்றைக்கு எகிப்தில் முழு சூரிய கிரகணம், நமக்கு மாலையில் பகுதிக் கிரகணம் தெரியும். அந்தத் தாளில் அமாவாசை பகல் 3.35-ஐ ஒட்டி முடிவதாகப் போட்டிருந்தால் தாராளமாக வாங்கலாம், அதிலிருந்து மணிக்கணக்கில் தள்ளி இருந்தால் அடுத்த கட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.